காலமான மருந்துச்சீட்டுக்கு ஓர் இரங்கல் மடல்

பெருமதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

அண்மையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தங்கள் மருத்துவமனையின் தரைத்தள மருந்துக்கடையில், என் மருந்துச்சீட்டு காலமாகிவிட்டது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அன்னாருக்கு வயது 31 நாள். முந்தின நாள் இரவுவரை நல்ல திடகாத்திரமாகத்தான் இருந்தார். மடிப்புக் கலையவில்லை, மை அழியவில்லை. விடிந்து பார்த்தால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

துக்கச் செய்தியை அறிவித்தவர் கவுன்ட்டரில் இருந்த பெண். நல்ல பிள்ளை, அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. "எக்ஸ்பயரி ஆயிருச்சு அங்கிள், ஓபி போட்டுட்டு வாங்க" என்றார். "ஒருநாள்தானேம்மா, மெட்ஃபார்மினும் டெல்மிசார்ட்டனும்தான், வருஷக்கணக்கா அதே மாத்திரை" என்று இழுத்தேன். அவர் என்னைத் தாண்டி வரிசையைப் பார்த்து, மைக் தேவைப்படாத குரலில், "அந்த சுகர் அங்கிள் கொஞ்சம் ஓரமா நில்லுங்க, நெக்ஸ்ட்!" என்றார்.

நெக்ஸ்ட் ஆக நின்றவர் என் சம்பந்தி. மாப்பிள்ளை வீட்டாருக்கு என் வியாதி அதுவரை தெரியாது. அவர்கள் வீட்டு வளைகாப்பில் ஜாங்கிரியை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நான். இனி அந்த வீட்டில் எனக்குக் காப்பி எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு குடும்ப ரகசியத்தை இத்தனை சிக்கனமாக, ஒரே மூச்சில் உடைத்துக் காட்டிய தங்கள் ஊழியர் பயிற்சிக்கு என் வந்தனம்.

பிறகு காரியங்கள் முறைப்படி நடந்தன. டோக்கன் போட்டார்கள். எடை பார்த்தார்கள், செருப்போடு. பிரஷர் பார்த்தார்கள். சம்பந்தியைப் பார்த்து வந்த கையோடு பார்த்ததால் அது தாராளமாகவே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது டாக்டர் அறைக்குள் அழைக்கப்பட்டேன். கெட்டிக்கார டாக்டர். "எப்படி இருக்கீங்க?" என்று கம்ப்யூட்டரை விசாரித்தார். கம்ப்யூட்டர் நலமாக இருந்திருக்க வேண்டும். "கன்டினியூ" என்றார். அவ்வளவுதான். பிரிண்டர் இருமியது, வாரிசு பிறந்தது. 700 ரூபாய். பிறந்த சீட்டின் அடியிலேயே அதன் திதியும் அச்சாகியிருந்தது: "இச்சீட்டு 30 நாட்களுக்கு மட்டுமே செல்லும்."

இந்த 30 நாள் எங்கிருந்து வந்தது என்று நானும் தேடிப் பார்த்தேன். இது சட்டமாக இருக்கும் என்று நம்பித்தான் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றேன். 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் 65ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. டாக்டர் வேறுவிதமாக எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து கொடுக்கலாம் என்கிறது. எழுதிவிட்டால்? எத்தனை முறை, எத்தனை நாள் இடைவெளியில் என்று எழுதியிருக்கிறாரோ அப்படியே கொடுக்கலாம். மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கடைப்பெயரும் முகவரியும் தேதியும் சீட்டிலேயே குறித்துவிட்டால் போதும். ஆக, என் சீட்டுக்கு உயிர்ப்பிச்சை கொடுக்க வெள்ளைக்காரன் காலத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். "மூன்று முறை வழங்கலாம்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை அடிக்கத் தெரியாத பிரிண்டரா தங்களுடையது? என் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்', பின்னால் வயது, அதற்கும் பின்னால் தங்கள் முழு உடல் பரிசோதனைத் திட்டத்தின் பண்டிகைத் தள்ளுபடி என்று அத்தனையும் அடிக்கிறதே!

மருத்துவக் காரணம் இருக்கும் என்று தாங்கள் சொல்லலாம். சர்க்கரை நோயாளியை அவ்வப்போது பார்க்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தங்கள் லேப்பில் எடுக்கும் எச்பிஏ1சி என்ற பரிசோதனையே ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கைத்தான் சொல்கிறது. காரணம், ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிவப்பணுவுக்கு ஆயுசு 120 நாள், தங்கள் லோகோவும் ஹாலோகிராமும் போட்டுப் பிறந்த சீட்டுக்கு 30. அற்பாயுசு. ஜாதகத்திலேயே ஏதோ கோளாறு. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கத்தரித்துக் கொடுத்ததில் ஓரம் போயிருந்தாலும், வெள்ளித்தாளில் புடைத்திருந்த எழுத்து விரலுக்குத் தட்டுப்பட்டது: 2027. கொள்ளுப்பேரன் சீட்டுகளையெல்லாம் அடக்கம் செய்துவிட்டு அந்த மாத்திரை தெம்பாக உட்கார்ந்திருக்கும்.

ஒரு வாரத்துக்குள் திரும்ப வந்தால் ரிவ்யூ இலவசம் என்று போர்டு மாட்டியிருக்கிறீர்கள். அந்தப் பெருந்தன்மையையும் குறிப்பிடாமல் விடமாட்டேன். மாத்திரை தீரும் நாளில் பணம், தீராத நாளில் இலவசம்.

அன்று எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றிருந்தார். சீட்டு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. "பையன் சம்பளம் வாங்கினதும் வர்றேன், இப்ப பத்து மாத்திரை மட்டும் குடும்மா" என்று கேட்டார். ஓபி போடாமல் தரமுடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். பர்ஸைக்கூடத் திறக்காமல் போய்விட்டார். பிரஷர் மாத்திரையை நாலுநாள் விட்டால் என்ன ஆகும் என்று தங்கள் சுவரிலேயே பெரிய படம் போட்டு மாட்டியிருக்கிறீர்களே. வாய் கோணிய முகம், தொங்கும் கை, 'நேரம் பொன்னானது' என்ற வாசகம். அந்தப் படத்துக்குக் கீழேதான் அவர் நடந்து போனார். நாளைக்கு அவர் வாய் கோணி வந்தால் தங்கள் எமர்ஜென்சியில் அனுமதி உண்டு, அட்வான்ஸ் கட்டினால். இதற்குப் பெயர் மருத்துவமா? மாதச் சந்தா வசூல். பத்து மாத்திரைக்கு வழியில்லாத மனுஷியிடம் 700 ரூபாய் கேட்பதற்கு வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவும். துக்க வீட்டில் குரல் உயர்வது சகஜம்தானே. தங்கள் லாபியில் எந்நேரமும் வழியும் வீணை இசையை நினைத்துக்கொண்டு தொடர்கிறேன்.

தாங்கள் எழுதித்தரும் பிராண்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை பாராட்ட வேண்டும். அது தங்கள் கட்டடத்துக்கு வெளியே கிடைப்பதில்லை. கடைத்தெருவில் மூன்று மெடிக்கலில் காட்டினேன். மூவரும் சீட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, அதே மெட்ஃபார்மின் வேறு பெயரில் இருக்கிறது, ஆனால் எழுதியதை மாற்றித் தர முடியாது என்று பவ்யமாகத் திருப்பித் தந்தார்கள். ஆஸ்பத்திரிகள் தங்கள் கடையிலேயே மருந்து வாங்கச் சொல்லி நெருக்குவதாக உச்சநீதிமன்றம் வரை ஒரு வழக்குப் போய், 2025 மார்ச்சில் மாநில அரசுகளே கொள்கை வகுக்கட்டும் என்று நீதிபதிகள் விட்டுவிட்டார்கள். கொள்கை வரும்வரை என் சீட்டு பிறப்பதும் இறப்பதும் ஒரே வளாகத்தில்தான்.

ஆகவே, மிகுந்த தயக்கத்துடன், தங்களிடமிருந்து விடைபெறுகிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு டாக்டர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உட்காருகிறார். லாபி கிடையாது, வீணை கிடையாது. நோயாளிகள் உட்கார ஒரு மர பெஞ்சு, அதன் ஒரு கால் ஆடும். போன வாரம் பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். செருப்பைக் கழற்றச் சொன்னார். எடை பார்க்கத்தான் என்று நினைத்தேன். குனிந்து பாதத்தில் ஒரு நைலான் இழையைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இங்க? இங்க?" என்று கேட்டார். தங்களிடம் நான் வந்துபோன காலமெல்லாம் என் பாதத்தை யாரும் பார்த்ததில்லை. பார்த்து முடித்துவிட்டு லெட்டர்பேடில் பொதுப்பெயரில் இரண்டு மருந்தை எழுதி, கீழே "மூன்று மாதம், மாதாமாதம் கொடுக்கவும்" என்று கையெழுத்துப் போட்டார். அடுத்த முறை எச்பிஏ1சி எடுத்து வரச் சொன்னார். நடுவில் ஏதாவது என்றால் போன் பண்ணலாமாம். நேரில் பார்த்த ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்கு அதே டாக்டரைத் தொலைபேசியில் கலந்தாலோசிப்பது தொடர் சிகிச்சைதான் என்று 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. தங்கள் செயலியிலும் தொலைமருத்துவம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, தெரியும். அதை அழுத்தினால் 'நேரில் வரவும்' என்கிறது.

அந்தச் சீட்டுக்கு இன்று பத்தாவது நாள். பூரண ஆரோக்கியம்.

திரும்பிப் போன அந்த அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர் தெருவை விசாரித்து, 'மக்களைத் தேடி மருத்துவம்' பார்க்கும் பெண் தன்னார்வலரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், காசில்லாமல். அதிலும் குறைகள் உண்டு, அவற்றுக்கு வேறொரு கடிதம் எழுதுவேன். ஆனால் மைக் தேவைப்படாத குரலில் யாரும் வியாதியை ஏலம் விடுவதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் முழு மருத்துவப் பதிவேட்டின் நகல் வேண்டும். தங்கள் பதிவேட்டுப் பிரிவில் கேட்டதற்கு, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும், அதற்கு ஓபி போடவேண்டும் என்றார்கள். அதாவது இன்னொரு 700. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தரவேண்டும். இந்தக் கடிதம் தங்கள் வரவேற்பு மேசையில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முத்திரை வாங்கிக்கொண்டு சேரும். வியாழக்கிழமை பத்து மணிக்கு என் மருமகன் வந்து நிற்பார். வக்கீல். கூடவே சம்பந்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் தங்களிடம் ஒரு சீட்டு இருக்கிறதாம், 28ஆம் நாள் ஓடுகிறதாம்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் சந்தாதாரர்