வாடகைக்கு வருகிறார்!

கேள்வி: சீனன்குடா எண்ணெய்க் குதத்தில் வேலை. மனைவி, பிள்ளைகளோடு தூத்துக்குடியிலிருந்து திருகோணமலைக்குக் குடிவருகிறேன். வாடகை வீடு எங்கே தேடலாம்?

பதில்: 1800இல் வந்த ஆர்தர் வெல்லஸ்லிக்குப் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளேயே ஜாகை கிடைத்தது. வாட்டர்லூவில் வெல்லப் போகிறவருக்கு அது சரி; நீங்கள் உவர்மலைப் பக்கம் தேடுங்கள். பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாம் கிட்ட. கடல் ஆசையில் நிலாவெளிக்கு ஓடிவிடாதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை உல்லாசப் பயணிகள் சீசன், வீட்டுக்காரர் டாலரில்தான் கனவு காண்பார். முற்பணத்தை எண்ணுமுன் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பாருங்கள். உவர்ப்பென்றால், அவர் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் நடையைக் கட்டுங்கள். படலை இருக்கிறதா என்றும் பாருங்கள். டவுனில் புள்ளிமான்கள் உலாவும். அம்மணி வைக்கும் ரோஜாவுக்கு அவை வாடகை தருவதில்லை.