சனிக்கிழமையிலேயே பாதிப் பட்டம்

ஃபார்முலா 1 பட்டப் போட்டி சூடு பிடிக்கும்போதெல்லாம், பந்தயத்துக்கு முந்தைய நாள் ஓடி, கிளம்பும் வரிசையை முடிவு செய்யும் குவாலிஃபையிங் பற்றிய கேள்விகள் குவிகின்றன. இந்த முறை முழுக்க அவைதான்.

ஈரோடு: பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. புள்ளியும் அன்றைக்குத்தான். பிறகு சனிக்கிழமை ஏன் கண் விழிக்க வேண்டும்?

2021 பெல்ஜியம் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பாவில் ஞாயிறு முழுக்க மழை. சேஃப்டி காரின் பின்னால் ஊர்வலம்போல் கொஞ்ச தூரம் போனார்கள்; அத்தோடு முடித்துவிட்டார்கள். ஆனாலும் பாதிப் புள்ளி கொடுத்தார்கள். முதலில் நின்ற வெர்ஸ்டாப்பனுக்கு 12.5, மூன்றாவதாக நின்ற ஹாமில்டனுக்கு 7.5. அந்த ஐந்து புள்ளி வித்தியாசத்தை உண்டாக்கியது முந்தைய நாள் மழையில் ஓட்டிய ஒற்றைச் சுற்றுதான்.

அந்த சீசனின் கடைசிப் பந்தயத்துக்கு இருவரும் 369.5 என்று சரிசமமாக வந்து நின்றார்கள். ஸ்பாவைக் கழித்துவிட்டுக் கூட்டினால் ஹாமில்டன் 362, வெர்ஸ்டாப்பன் 357. இப்போது சொல்லுங்கள், சனிக்கிழமை பார்க்க வேண்டுமா, வேண்டாமா?

அதே ஸ்பாவில் நாள் முழுக்க நனைந்த ரசிகர்களுக்கு ஒரு சுற்றுப் பந்தயம்கூடக் கிடைக்கவில்லை. பந்தயமே ஓடாமல் புள்ளி கொடுத்தது தவறு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். 2022-ல் விதியை மாற்றினார்கள்: சேஃப்டி கார் இல்லாமல் குறைந்தது இரண்டு சுற்றாவது ஓடினால்தான் இனி புள்ளி.

சேலம்: போல் (கிளம்பும் வரிசையில் முதலிடம்) எடுத்தவருக்குப் புள்ளி கொடுத்தால் என்ன?

ஃபார்முலா ஈ பந்தயங்களில் மூன்று புள்ளி கொடுக்கிறார்கள். இங்கே வேண்டாம் என்பது என் கட்சி. எல்லோருக்கும் முன்னால், வெறும் தார்ச்சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த இடமே பரிசு. அதை வைத்து ஜெயிக்கத் தெரியாதவருக்குப் புள்ளி எதற்கு?

நாகர்கோவில்: இரண்டு பேர் ஒரே நேரம் எடுத்துவிட்டால் யாருக்கு முதலிடம்?

முதலில் எடுத்தவருக்கு. இரண்டு பேர் என்ன, மூன்று பேரே எடுத்திருக்கிறார்கள். அதுவும் பட்டத்தைத் தீர்மானிக்கும் வாரத்தில்.

1997 அக்டோபர் 25, ஸ்பெயினின் ஹெரெஸ். சீசனின் கடைசிப் பந்தயம். ஃபெராரியின் ஷூமாக்கர் 78 புள்ளி, வில்லியம்ஸின் வில்நவ் 77. அப்போதெல்லாம் குவாலிஃபையிங் இன்றுபோல் மூன்று பகுதியாக இல்லை; ஒரே மூச்சில் ஒரு மணி நேரம். அதற்குள் ஆளுக்கு 12 சுற்று. வில்நவ் முதலில் போய் 1 நிமிடம் 21.072 வினாடி எடுத்தார். பிறகு ஷூமாக்கர் வந்தார். திரையில் 1:21.072. நேரம் காட்டும் கருவி பழுதோ என்று சந்தேகப்படும்போதே வில்நவின் அணித்தோழர் ஃப்ரென்ட்சன் கோட்டைக் கடந்தார். அதே 1:21.072. நாலரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு சுற்றில், மூன்று மனிதர்களுக்கு நடுவே ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகூட வித்தியாசம் இல்லை. எடுத்த வரிசைப்படி வில்நவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்சன் என்று நிறுத்தினார்கள். நான்காவது, முந்தைய ஆண்டு சாம்பியன் டேமன் ஹில். ஆரோஸ் என்ற எளிய அணியின் காரில், வெறும் 0.058 வினாடி பின்னால். அந்தச் சுற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

மறுநாள் நடந்தது ஊரறிந்த கதை. 48-வது சுற்றில் வில்நவ் உட்புறம் நுழைய, ஷூமாக்கர் அவர்மீதே காரைத் திருப்பினார். சரளைக் கல்லில் சிக்கிக்கொண்டது ஷூமாக்கர்தான். வில்நவ் மூன்றாவதாக வந்து பட்டம் வாங்கினார். ஷூமாக்கரின் அந்த ஆண்டு இரண்டாமிடத்தையே சர்வதேச சம்மேளனம் ரத்து செய்தது. இரண்டு பேரும் சமமானவர்கள் என்பதைச் சனிக்கிழமை கடிகாரம் நேர்மையாகச் சொல்லியிருந்தது. அந்தச் சமத்தை ஷூமாக்கரால் ஏற்க முடியவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

திருச்சி: கடைசி இரண்டு நிமிடத்தில்தான் எல்லோரும் கிளம்புகிறார்கள். முன்னாலேயே போய் முடித்தால் என்ன?

கார்கள் ஓட ஓட டயரின் ரப்பர் தார்மேல் படியும், பிடிமானம் கூடும். ஐந்து நிமிடம் தாமதித்தால் அதே கார், அதே ஓட்டுநர், குறைந்த நேரம். மழை மேகம் தெரிந்தால் மட்டும் கணக்கு தலைகீழ்: யார் முதலில் பிட் வாசலுக்கு வருவது என்று போட்டி.

தாமதத்துக்கும் எல்லை உண்டு. 2019-ல் இத்தாலியின் மொன்சாவில், முன்னால் போகும் காரின் காற்று மறைவு வேண்டும் என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் முன்னே போகட்டும் எனக் காத்து ஊர்ந்தார்கள். கடிகாரம் காத்திருக்கவில்லை. பெரும்பாலோருக்குக் கடைசிச் சுற்றைத் தொடங்கவே நேரம் இல்லாமல் போனது. முதல் முயற்சியில் எடுத்த நேரத்தோடே லெக்ளெர்க் போல் வாங்கிவிட்டார்.

கோயம்புத்தூர்: நம் ஊர் நரேன் கார்த்திகேயன் குவாலிஃபையிங்கில் எப்படி?

2005-ல் ஆஸ்திரேலியாவில் தன் முதல் பந்தயத்திலேயே, பலம் குறைந்த ஜோர்டான் காரை 12-வது இடத்தில் நிறுத்தினார். பின்னாளில் அவர் ஓட்டியது எச்ஆர்டி அணிக்கு. 2011, 2012 இரண்டு ஆண்டும் ஆஸ்திரேலியாவில் அந்த அணியின் இரு கார்களுமே 107 சதவீத விதியில் தடுக்கப்பட்டன. குவாலிஃபையிங்கின் முதல் பகுதியில் மிக வேகமானவர் 80 வினாடி எடுத்தால் மற்றவர்கள் 85.6-க்குள் வர வேண்டும். வராவிட்டால் பந்தயத்தில் ஓட அனுமதி கேட்டு நிற்க வேண்டும். பட்டத்துக்காகச் சண்டையிடுபவர்கள் ஆயிரத்தில் பங்கு பார்க்கும் அதே மணி நேரத்தில், பின்வரிசையில் இன்னொரு போராட்டம் நடக்கிறது. அடுத்த முறை அதையும் பாருங்கள். அங்கேயும் ஒருவர் உயிரைக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருப்பார்.

விருதுநகர்: சீசனில் ஒரு போல்கூட எடுக்காமல் சாம்பியன் ஆக முடியாதா?

முடியும். 1967-ல் டென்னி ஹல்ம் ஆனார். 1984-ல் நிக்கி லவுடாவும் ஆனார்: கடைசிப் பந்தயத்தில் 11-வதாகக் கிளம்பி இரண்டாவதாக வந்து, அரைப் புள்ளியில் ப்ராஸ்டைத் தாண்டினார். 72-க்கு 71.5. அதற்கு லவுடாவாக இருக்க வேண்டும்.

மதுரை: குவாலிஃபையிங் முடிவு வந்த பிறகும் மாறுமா? முடிந்ததென்று நம்பித் தூங்கலாமா?

2021 பிரேசிலில் தூங்கப் போனவர்களைக் கேளுங்கள். அந்த வாரம் சாவ் பாவ்லோவின் இன்டர்லாகோஸில் சனிக்கிழமை ஸ்பிரின்ட் என்ற குறும்பந்தயம் உண்டு, அதன் முடிவுதான் ஞாயிறு வரிசை; ஆகவே குவாலிஃபையிங் வெள்ளிக்கிழமை. நமக்கு நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. வெர்ஸ்டாப்பன் 19 புள்ளி முன்னிலை. ஹாமில்டன் அவரைவிட 0.438 வினாடி வேகமாக ஓட்டினார். அவ்வளவு சின்னத் தடத்தில் அது பெரிய இடைவெளி. அவர் ரசிகர்கள் மகிழ்ச்சியோடு படுத்தார்கள்.

விடிந்ததும் கதை வேறு. பரிசோதனையில் ஹாமில்டனின் பின் இறக்கை சிக்கியது. முந்துவதற்காக அந்த இறக்கையின் மடலைத் திறக்கும் டிஆர்எஸ் அப்போது இருந்தது; திறக்கும்போது இடைவெளி 85 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது அன்றைய விதி. ஒரு ஓரத்தில் மயிரிழை அதிகம். இன்னொரு பக்கம், ஒரு ரசிகர் கூட்டத்திலிருந்து எடுத்த வீடியோவில் வெர்ஸ்டாப்பன் அந்த இறக்கையைத் தொட்டுப் பார்ப்பது தெரிந்தது. விசாரணை சனிக்கிழமை வரை நீண்டது. இறக்கையைத் தொட்டவருக்கு 50,000 யூரோ அபராதம். ஹாமில்டனின் குவாலிஃபையிங் நேரமே ரத்து. ஸ்பிரின்டில் கடைசி இடத்திலிருந்து கிளம்ப வேண்டும்.

24 சுற்று ஸ்பிரின்டில் 20-லிருந்து ஐந்தாவது இடத்துக்கு வந்தார். புதிய எஞ்சின் போட்டதற்கான தண்டனையில் ஐந்து இடம் இழந்து, ஞாயிற்றுக்கிழமை 10-வதாகக் கிளம்பினார். 59-வது சுற்றில் வெர்ஸ்டாப்பனைத் தாண்டி ஜெயித்தார். ஸ்பிரின்ட் முடிவில் 21 ஆகியிருந்த இடைவெளி 14 ஆனது. நான் பார்த்த வார இறுதிகளில் இதற்கு இணை இல்லை. பறிபோன வெள்ளிக்கிழமை முதலிடத்தை மீதி இரண்டு நாளும் ஒவ்வொரு இடமாகத் திரும்ப எடுத்தார் அந்த மனிதர்.

தஞ்சாவூர்: குவாலிஃபையிங்கில் தில்லுமுல்லு செய்ய முடியுமா?

செய்து பார்த்திருக்கிறார்கள். 2006 மொனாக்கோவில் முதலிடத்தில் இருந்த ஷூமாக்கர், கடைசி நிமிடத்தில் ராஸ்காஸ் திருப்பத்தில் காரை நிறுத்திவிட்டார். பின்னால் அலோன்சோவின் சுற்று பாழ். தெரியாமல் நின்றதென்று நடுவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள். போல் அலோன்சோவுக்கு, ஞாயிற்றுக்கிழமை வெற்றியும் அவருக்கே. ஏழு முறை பட்டம் வென்றவரை இப்படி நினைவுகூர்வது வருத்தம்தான். ஆனால் நினைவுகூரத்தான் வேண்டும்.

வேலூர்: நான் வெர்ஸ்டாப்பன் ரசிகன். ஜெட்டா 2021 குவாலிஃபையிங்கை மறக்க ஒரு வழி சொல்லுங்கள்.

மறக்காதீர்கள். போல் எடுக்காத சுற்றுகளில் அதற்குத்தான் என் ஓட்டு. 27 திருப்பங்கள், இரு பக்கமும் சுவர். சுற்றின் மூன்று செக்டாரில் முதல் இரண்டிலும் எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தார். 26 திருப்பங்களை முடித்தாயிற்று. கடைசித் திருப்பத்தில் பிரேக்கைக் கொஞ்சம் தாமதித்தார், வெளியே வரும்போது சுவரில் அடித்தார். போல் ஹாமில்டனுக்கு, வெர்ஸ்டாப்பன் மூன்றாவது. அடுத்த வாரம் அபுதாபியில் அதே மனிதர், அணித்தோழர் பெரெஸ் முன்னால் போய்க் காற்று மறைவு கொடுக்க, 0.371 வினாடி வித்தியாசத்தில் போல் எடுத்தார். ஒரு வாரத்துக்குள் அப்படித் திரும்பி வருவதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும்.

புதுச்சேரி: எதிரணிக்காரர் சுவரில் மோதினால் கைதட்டுவது தவறா?

தவறு. 2022 ஆஸ்திரியாவில் குவாலிஃபையிங்கின் கடைசிப் பகுதியில் ஹாமில்டன் மோதியபோது கூட்டத்தில் ஒரு பகுதி ஆரவாரம் செய்தது. உள்ளே இருப்பவருக்கு என்ன ஆனது என்று தெரிவதற்கு முன்பே.

ஸ்பாவின் அதே 2021 சனிக்கிழமையில் வேறொரு காட்சியும் உண்டு. கொட்டும் மழையில் ஓ ரூஜ் பகுதியில் லாண்டோ நாரிஸ் பயங்கரமாக மோதினார். அந்த வழியாக வந்த வெட்டல், உடைந்து கிடந்த காரின் அருகே தன் காரை நிறுத்தி, நலமா என்று சைகையில் கேட்டு, பதில் கிடைத்த பிறகுதான் நகர்ந்தார். போட்டியாளரே அப்படி இருக்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு என்ன பகை?

காரைக்குடி: டிவியில் எதைப் பார்ப்பது? எல்லா காரும் ஒன்றுபோல்தான் தெரிகிறது.

காரை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள். சுற்றை மூன்று செக்டாராகப் பிரித்திருப்பார்கள். ஊதா என்றால் அந்தச் செக்டாரில் இதுவரை யாரும் எடுக்காத நேரம். பச்சை என்றால் அந்த ஓட்டுநர் தன் பழைய நேரத்தை முந்தியிருக்கிறார். மஞ்சள் என்றால் முந்தவில்லை. உங்கள் ஆள் இரண்டு ஊதாவோடு மூன்றாம் செக்டாருக்குள் நுழையும்போது வீட்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால், பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

தூத்துக்குடி: இதுவரை நடந்ததில் சிறந்த குவாலிஃபையிங் சுற்று?

மொனாக்கோ, 1988, அயர்டன் சென்னா. ஒரே அணி, ஒரே மெக்லாரன் கார். இரண்டாவதாக வந்த ப்ராஸ்டைவிட 1.427 வினாடி குறைவு. ப்ராஸ்ட் அதற்குள் இரண்டு முறை உலக சாம்பியன் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய முன்னிலையில் போய்க்கொண்டிருந்த சென்னா, தடுப்பில் மோதி வெளியேறினார், பந்தயம் ப்ராஸ்டுக்கு. ஆனால் அந்த ஆண்டுப் பட்டம் சென்னாவுக்கு.

சென்னை: பத்து வயது மகளுக்கு இந்த விளையாட்டைக் காட்ட எங்கே தொடங்கலாம்?

மொனாக்கோவின் சனிக்கிழமையில். நமக்கு மாலை ஏழரை வாக்கில் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒடுங்கிய தெரு, ஞாயிற்றுக்கிழமை முந்துவது மிகக் கடினம், அதனால் எல்லோரும் சனிக்கிழமையே கையில் உள்ளதையெல்லாம் இறக்குவார்கள். உங்களுக்குப் பிடித்தவரை அவள்மேல் திணிக்காதீர்கள். அவளே ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும், ஹெல்மெட்டின் நிறத்துக்காக என்றாலும் சரி. அவள் ஆள் முதல் பகுதியிலேயே வெளியேறினால் முகம் வாடும். அப்போது ஆறுதல் சொல்ல அவசரப்பட வேண்டாம். அடுத்த குவாலிஃபையிங் எப்போது என்று அவளே கேட்பாள். தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.