நான்கு கோடுகளுக்குள் ஒரு குடும்பம்

ஆங்கிலச் சிற்றெழுத்துகளை ஒன்றோடொன்று கோத்து, பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல், வலப்பக்கம் சற்றே சாய்த்து எழுதும் முறைக்குக் கூட்டெழுத்து என்று பெயர். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் 'கர்சிவ்' என்று சொன்னால்தான் விளங்கும். பள்ளிகளின் கணக்குப்படி இது தொடக்க வகுப்புக் குழந்தை கற்கவேண்டியது; நடைமுறையிலோ, மறுநாள் காட்டவேண்டிய பக்கம் பாதியில் நிற்கும்போதே குழந்தை உறங்கிவிடுவதால், இரவு ஒன்பதரை மணிக்கு மேல் இதைக் கற்பவர்கள் பெரும்பாலும் பெற்றோரே.

இக்கலையின் களம் நான்கு கோட்டு நோட்டு. பெரும்பாலான நோட்டுகளில் வெளிக்கோடுகள் இரண்டும் சிவப்பு, உள்கோடுகள் இரண்டும் நீலம். நான்கும் சேர்ந்து மூன்று தளங்கள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை உண்டாக்குகின்றன. 'ஏ', 'சி', 'எம்' முதலியன நடுத்தளத்தில் அடக்கமாகக் குடியிருப்பவை. 'ஹெச்', 'எல்' ஆகியவை மேல்தளம் வரை ஏறுபவை. 'ஜி', 'ஒய்' ஆகியவை கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கி வாலைச் சுருட்டிக்கொள்பவை. சிறிய 'எஃப்' மட்டும் மூன்று தளங்களையும் தானே வளைத்துப் போட்டுக்கொள்கிறது. இது குறித்துக் குடியிருப்போர் சங்கம் எதுவும் இதுவரை ஆட்சேபம் தெரிவித்ததாகத் தெரியவில்லை.

எழுத்துகளைத் தனித்தனியே போடுவதில் பெரிய தொல்லை இல்லை, இணைப்பதில்தான் வில்லங்கம் தொடங்குகிறது. ஏனைய எழுத்துகள் பெரும்பாலும் அடிக்கோட்டில் முடிந்து அடுத்ததற்கு வழிவிட, 'பி', 'ஓ', 'வி', 'டபிள்யூ' ஆகிய நான்கும் நடுத்தளத்தின் கூரையருகே முடிவதால், அவற்றைத் தொடரும் எழுத்தும் அங்கிருந்தே புறப்படவேண்டியிருக்கிறது. 'பிரௌன்' என்னும் ஐந்தெழுத்துச் சொல்லில் இத்தகைய மேலிணைப்பு மூன்று இடங்களில் வருகிறது. ஆகவே, ஆங்கில எழுத்துகள் 26-உம் அடங்கிய அந்தப் புகழ்பெற்ற நரி வாக்கியத்தை வீட்டுப்பாடமாகக் கொடுக்கும் ஆசிரியை, அறிந்தோ அறியாமலோ, மூன்றாவது சொல்லிலேயே ஒரு வீட்டின் அமைதியைக் குலைத்துவிடுகிறார். அந்தச் சொல்லின் நடுவில் தாள் ரப்பரால் தேய்ந்து தேய்ந்து, எதிர்ப்பக்கத்து நரியும் தெரியுமளவுக்குப் பொத்தலாகிவிடுகிறது.

இந்தக் கட்டத்தில்தான் தாத்தா தலையிடுவார். தேனாம்பேட்டை ஏஜீஸ் ஆபீசில் முப்பதாண்டுக் காலம் கோப்பு எழுதி ஓய்வுபெற்ற தலைமுறையைச் சேர்ந்த அவருக்குத் தெரிந்தது 'காப்பர்பிளேட்' என்னும் செப்புத்தகட்டு எழுத்து. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கையெழுத்துப் பயிற்சி நூல்களைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. கீழிறங்கும் கோடு தடித்தும், மேலேறும் கோடு மயிரிழையாக மெலிந்தும் வரவேண்டும் என்பது இதன் இலக்கணம். எஃகு நிப்பை மையில் தோய்த்து, அழுத்தியும் தளர்த்தியும் எழுதினால் கைகூடுகிற இந்த நயத்தை, பாதி கடித்த நடராஜ் பென்சிலிடம் எதிர்பார்ப்பதுதான் தாத்தாக்களின் இயல்பு. தாய்க்குத் தெரிந்த 'ஆர்' ஒருவகை, தாத்தாவினுடையது இன்னொரு வகை; இரண்டையும் பார்த்துவிட்டு, "எங்க மிஸ் இப்படிப் போடச் சொல்லலை" என்று குழந்தை சொல்லிவிட்டால், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இராது என்ற மூதுரையைப் பாட்டி அடுக்களையிலிருந்து எடுத்துவிடுவார். அதற்குச் சான்று தேடி வெளியே போகவேண்டியதில்லை: தாத்தாவின் எழுத்து முத்து முத்தாக இருக்கும்; பதவி உயர்வு மட்டும் கடைசிவரை வரவேயில்லை.

எழுத்துப் பயிற்சியில் சென்னைக்கு உள்ள வரலாற்றுப் பெருமையை இவ்வீடுகள் அறிந்தால் சிறிது ஆறுதல் கிட்டலாம். 1789-இல் எழும்பூர் ஆண் அனாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். மூத்த மாணவரே இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் இதனுடன் சேர்த்து அவர் 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1939-இல், பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியா மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்தார். உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவிப் பழகுவது அவர் முறையின் ஒரு கூறு; அவர் ரோமில் முதலில் கையாண்டவை கூட்டெழுத்து வடிவங்களே. பயிற்சி வகுப்பு நடத்த வந்தவரை உலகப் போர் 1946 வரை இந்தியாவிலேயே இருத்திவிட்டது. சென்னையிலிருந்து கப்பலேறிய மணல், இவ்வாறு, தாளில் ஒட்டப்பட்டுக் கட்டணத்துடன் திரும்பி வந்தது எனலாம்.

இத்தனை பாடுபட்டுக் கற்ற கூட்டெழுத்து பிற்காலத்தில் எங்கே பயன்படுகிறது என்பதே ஆய்வுக்குரியது. வங்கிச் சலான், கடவுச்சீட்டு விண்ணப்பம் என எந்தப் படிவத்தை எடுத்தாலும், கட்டத்துக்கு ஓர் எழுத்தாகப் பெரிய எழுத்தில் பிரித்து எழுதச் சொல்கிறார்கள். கூட்டெழுத்தின் கடைசிப் புகலிடமாக விளங்கிய மருத்துவர்களுக்கும், மருந்துப் பெயரைப் படிக்கும்படியாக, கூடுமானால் பெரிய எழுத்தில், எழுதுமாறு 2016-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி செய்துவிட்டது.

ஆயினும் பெற்றோர் அந்த நான்கு கோட்டு நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். வங்கிப் பணிக்கு ஆளெடுக்கும் ஐபிபிஎஸ் தேர்வுக்கு விண்ணப்பிப்போர் ஓர் உறுதிமொழியை ஆங்கிலத்தில் தம் கைப்படவே எழுதிப் பதிவேற்றவேண்டும். முழுவதும் பெரிய எழுத்தில் எழுதினால் அது ஏற்கப்படாது. வங்கிக் கவுன்டருக்கு வெளியே நிற்பவருக்குப் பெரிய எழுத்து, உள்ளே உட்கார விரும்புபவருக்குச் சிறிய எழுத்து என்பதே இன்றைய நிலை.