எரிமலைக்கு நல்ல நேரம்

வெசூவியஸ் கடைசியாக வெடித்தது 1944 மார்ச்சில். உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். பக்கத்துத் திடலில் நிறுத்தியிருந்த அமெரிக்க பி-25 குண்டுவீச்சு விமானங்கள் ஏறத்தாழ 80, நின்ற இடத்திலேயே சாம்பலுக்கும் கல்மழைக்கும் பலியாயின. எதிரி விமானம் வந்தால் என்ன செய்வது என்று அவர்களிடம் திட்டம் இருந்திருக்கும். எதிரில் நிற்கும் மலையை யார் கணக்கில் சேர்த்தார்கள்?

அந்த மலை யாரிடமும் நேரம் கேட்டுக்கொண்டு வெடிப்பதில்லை. அதன் வாயை எட்டிப் பார்க்கப் போகிறவன் மட்டும் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். மலைவாசலில் டிக்கெட் விற்பதில்லை. இணையத்தில் நேரத்தைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மேலே போய் போனில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு அங்கே சிக்னல் ததிங்கிணத்தோம் போடும்.

எங்கள் கோஷ்டியில் நான், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், மனைவியின் அண்ணன். மச்சான் பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்டிமேட் போடாமல் எதற்கும் கை நீட்டமாட்டார். (நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன்.) நேப்பிள்ஸில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் சாப்பாட்டு மேஜையில் ஒரு தாளை விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ரயில், பஸ், ஏற்றம், இறக்கம், இதர செலவினம் என்று கட்டம் கட்டினார்.

கரிபால்டி நிலையத்தில் சர்க்கும்வெசூவியானா ரயிலைப் பிடித்து எர்கொலானோ ஸ்காவியில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ் 1000 மீட்டர் உயரம் வரை போகிறது. மலை மொத்தமே 1281 மீட்டர்தான். நடைபாதையோ உச்சிக்குக்கூடப் போவதில்லை, வாயின் விளிம்போடு நின்றுவிடுகிறது. ஆக, சொந்தக் காலால் ஏற வேண்டியது 200 மீட்டருக்கும் குறைவு.

“இதுக்குப் பேர் மலையேத்தமா மாப்ள? பழனியில வெறுங்காலோட ஏறினவன் நான்.”

மகளுக்கும் இந்த உயரம் போதவில்லை. தேசியப் பூங்காவில் எண் போட்ட பாதைகள் பல உண்டு, முதல் எண் பாதையில் நாள் முழுக்க நடக்கலாம் என்றாள். அந்தப் பாதைக்கு என்ன பேர் என்று மச்சான் விசாரித்தார். நரகப் பள்ளத்தாக்கு என்றாள். உண்மையாகவே அதன் பெயர் அதுதான்.

“அங்க போறதுக்கு இன்னும் நாள் இருக்கும்மா” என்று மச்சான் அந்த வரியை அடித்துவிட்டு, 5-ஆம் எண் பாதை என்று எழுதினார். வாய்க்குப் போகிற பாதை அது.

அவரை உண்மையில் கோபப்படுத்தியது வேறு. 1880-லேயே இந்த மலையில் கயிறு கட்டி இழுக்கும் ரயில் விட்டிருக்கிறார்கள். அதன் திறப்பையொட்டி எழுதியதுதான் ‘ஃபுனிக்குலி ஃபுனிக்குலா’ பாட்டு. 1906-இல் மலை பொங்கி ரயிலைக் கெடுத்தது. திருப்பிக் கட்டினார்கள். 1944-இல் மொத்தமாக முடித்துவிட்டது. பிறகு 1953 முதல் 1984 வரை தொங்கு நாற்காலி ஓடி, அதுவும் நின்றுபோனது. ரயில் போய்விட்டது, அதற்கான விளம்பரப் பாட்டு மட்டும் இன்னும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. “நூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கான். இப்ப நடக்கச் சொல்றான்” என்றார், பழனியில் வெறுங்காலோடு ஏறியவர்.

இதுவரை எல்லாம் சுமுகம். டிக்கெட் பக்கத்தைத் திறந்த மகள், “வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குத்தான் நாலு சீட்டு சேர்ந்தாப்ல இருக்கு” என்றாள்.

என் மனைவி அடுக்களையிலிருந்தே சொன்னாள்: “பத்தரை - பன்னிரண்டு ராகு காலம்.”

நம் வீடுகளில் இந்த வாக்கியத்துக்கு மேல்முறையீடு கிடையாது. மச்சான் மட்டும் பொறியாளராயிற்றே, விடவில்லை. “அது நம்ம ஊர் கணக்கும்மா. ராகு காலங்கிறது பகல் பொழுதை எட்டாப் பிரிச்சு அதில ஒரு பங்கு. இங்க பொழுது வேற, பங்கும் வேற.” தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தார். ஜூன் மாதம். நேப்பிள்ஸில் ஐந்தரைக்கு உதயம், இரவு எட்டரைக்கு அஸ்தமனம். பதினைந்து மணி நேரப் பகல். எட்டில் ஒன்று என்றால் ஒரு பங்குக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. வெள்ளிக்கு நான்காம் பங்கு. பேனா நின்றது.

“எவ்வளவுண்ணா வருது?”

“பதினொண்ணு எட்டுலேருந்து ஒரு மணி வரைக்கும்.”

நம் ஊர்க் கணக்கில் அரை மணி நேரம்தான் ராகுவோடு உரசியிருக்கும். இத்தாலியக் கணக்கில் ஏற்றம் முழுவதும் அவன் மடியில். விஞ்ஞானம் இப்படித்தான், கேட்காமல் இருந்தால் பாதி நஷ்டத்தோடு போய்விடும்.

மச்சான் வேறு வழியில் வந்தார். முந்தின நாள் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு தந்தச் சிலை பார்த்திருந்தோம். ஒரு சாண் உயரத்துக்குச் சற்று மேல், இடுப்பில் மேகலை, கையிலும் காலிலும் அடுக்கடுக்காக வளை, இரண்டு பக்கமும் தோழிப் பெண்கள். இந்தியாவில் செய்தது. கி.பி. 79-இல் பொம்பெயி நகரத்தோடு சேர்ந்து சாம்பலில் புதைந்து, 1938-இல் தோண்டியெடுக்கப்பட்டது. லட்சுமி என்று ஊருக்குச் சொல்கிறார்கள், யட்சியாக இருக்கலாம் என்று அறிஞர்கள் இழுக்கிறார்கள். “மகாலட்சுமியே இங்க வந்திருக்கா. வெள்ளிக்கிழமை வேற. என்ன பயம்?” என்றார்.

“வந்தவ திரும்பிப் போகலையே அண்ணா.”

இதற்கு எஞ்சினியரிங்கில் பதில் இல்லை.

கடைசியில் அவளே வழி கண்டாள். பரஸ்தானம். கிளம்பும் நேரம் சரியில்லையென்றால், நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும், அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. நேப்பிள்ஸில் வேறு வீட்டுக்கு எங்கே போவது? கீழ்த்தளத்தில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் இருந்தார். வியாழன் மாலை மூன்று மணிக்கு மேல் (வியாழனுக்கு ராகு நம்மூரில் ஒன்றரை முதல் மூன்று, இந்த முறை யாரும் மறுகணக்குக் கேட்கவில்லை) துண்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்த பையை அவரிடம் நீட்டினோம். மகள் தனக்குத் தெரிந்த இத்தாலியனில் விஷயத்தை விளக்கினாள்.

அந்த அம்மாள் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், மிளகாய் போல் வளைந்த சிவப்புக் கொம்பு ஒன்றை எடுத்துவந்து பையின் ஜிப்பில் கட்டிவிட்டார். கண் திருஷ்டிக்கு. நேப்பிள்ஸில் சாவிக்கொத்து முதல் கடைக் கல்லா வரை தொங்குகிற கொம்பு. இந்த ஊரை நான் குறைத்து மதிப்பிட்டதற்கு நியாயமே இல்லை. ஊரின் காவல் புனிதர் சான் ஜென்னாரோவின் உறைந்த இரத்தம் குப்பிக்குள் இளகுகிறதா என்று வருடத்தில் மூன்று தடவை கூட்டம் கூடிப் பார்க்கிறது. அதில் ஒன்று டிசம்பர் 16. 1631-இல் அதே தேதியில் மலை பொங்கியபோது புனிதரை ஊர்வலமாக எடுத்துப் போனதால்தான் நகரம் தப்பியது என்பது நம்பிக்கை. ராகு காலம் என்று ஒன்று இருப்பது தெரிந்திருந்தால் அதையும் எப்போதோ நடைமுறைக்குக் கொண்டுவந்திருப்பார்கள்.

அடுத்து, என்ன எடுத்துப் போவது. மச்சான் பெட்டியிலிருந்து மங்கி கேப்பை எடுத்தார். ஜூன் மாதம், கீழே தார் இளகும் வெயில். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் மச்சான் கட்சி. இந்த மலைக்கும் தலைக்கும் பழைய உறவு இருக்கிறது.

கி.பி. 79-இல் மூத்த பிளினி எதிர்க்கரையில் மிசேனத்தில் கப்பற்படைத் தலைவர். மலைமேல் விசித்திரமான மேகம் எழுந்ததும் கிட்டப் போய்ப் பார்க்க ஆசைப்பட்டு, நீயும் வருகிறாயா என்று பதினேழு வயது மருமகனைக் கேட்டார். எனக்குப் படிக்கிற வேலை இருக்கிறது என்றான் பையன். அந்த வேலையைக் கொடுத்ததே மாமாதான். வீட்டுப்பாடம் ஒருவனை ஆபத்திலிருந்து தள்ளி வைத்ததற்கு வரலாற்றில் எனக்குத் தெரிந்த ஒரே சான்று. மாமா ஸ்தாபியேயில் சிநேகிதர் வீட்டில் குளித்தார், சாப்பிட்டார், குறட்டை விட்டுத் தூங்கினார். முற்றத்தில் கல் குவிந்து கதவை மறைக்கும்போல் ஆனதும் எழுப்பினார்கள். எல்லாரும் தலையணைகளைத் துணியால் தலையில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். கடற்கரையில் அவர் உயிர் போயிற்று. பையன் பல வருடம் கழித்து வரலாற்றாசிரியர் டாசிடஸுக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதினான், தலையணை உட்பட.

1787 மார்ச்சில் ஜெர்மானியக் கவிஞர் கதே வந்தார். மலை அப்போது விட்டுவிட்டுக் கல்லை வீசிக்கொண்டிருந்தது. இரண்டு வீச்சுக்கு நடுவில் ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பது அவருடைய திட்டம். முன்னேற்பாடாகத் தொப்பிக்குள் கைக்குட்டைகளைத் திணித்துக்கொண்டார். வழிகாட்டி இடுப்பில் கட்டியிருந்த தோல் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறினார், பார்க்கப்போன இடத்தில் லயித்து நின்று நேரத்தைக் கோட்டைவிட்டார், தொப்பியிலும் தோளிலும் சாம்பலோடு ஓடிவந்தார். தலையணை, கைக்குட்டை, மங்கி கேப் என்று வரிசை சரியாகத்தானே வருகிறது?

இத்தனை திட்டமும் ஒரு பகல் பொழுதுக்கு. மலையடிவாரத்தில் சிவப்பு மண்டலம் என்று குறித்த ஊர்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அரசாங்கம் எஸ்டிமேட் போட்டு வைத்திருக்கிறது என்று தெரிந்ததும் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மொத்தம் 72 மணி நேரம். முதல் 12 தயாராக, அடுத்த 48 வெளியேற, கடைசி 12 கையிருப்பு. ஒவ்வோர் ஊருக்கும் போய்ச் சேர வேண்டிய மாநிலம்கூட ஒதுக்கியாகிவிட்டது: பொம்பெயிக்காரர்கள் சர்தீனியாவுக்கு, போர்த்திசிக்காரர்கள் பியெமோந்தேவுக்கு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், வீட்டை விட்டு வேறிடம் போகிறவர்களுக்கு 30,000 யூரோ வரை தருவதாகவும் சொல்லிப் பார்த்தார்கள். பெரிதாக யாரும் நகரவில்லை.

ஏன் நகரவில்லை என்று எனக்கு எர்கொலானோ காய்கறிக் கடையில் புரிந்தது. பியென்னோலோ என்று ஒரு தக்காளி. கட்டைவிரல் நுனி அளவு, அடியில் சின்னக் கூர். கொத்துக் கொத்தாகக் கயிற்றில் கோத்து உத்தரத்தில் தொங்கவிட்டால் குளிர்காலம் முழுக்கக் கெடாது. எரிமலைச் சாம்பல் மண்ணில்தான் அது அப்படிக் காய்க்கிறது. என் மனைவி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, ரசத்துக்கு என்றாள். அவள் அகராதியில் அதற்குமேல் சான்றிதழ் இல்லை.

பதினொன்றரைக்குப் பையும் கொம்புமாக வாசலைத் தாண்டினோம். பாதை முழுக்கக் கறுப்பும் துருச்சிவப்புமாகச் சரளை. இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்குகிறது. பொடிக்கல் செருப்புக்குள் மட்டுமல்ல, நன்றாக முடிச்சுப் போட்ட ஷூவுக்குள்ளும் எப்படியோ புகுந்து, விரலுக்கு விரல் நடுவே இடம் பிடித்துக்கொள்கிறது. பழனி வீரர் முதல் திருப்பத்திலேயே காட்சியை ரசிக்க நின்றார். இரண்டாம் திருப்பத்தில் இன்னும் நன்றாக ரசித்தார்.

விளிம்புக்கு வந்து பார்த்தால் ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பெரிய மௌனக் குழி. உள்சுவரில் ஓரிடத்தில் மட்டும் மெல்லிய ஆவி. நெருப்பில்லை, செந்தணலில்லை. மச்சான் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “மெயின்டனன்ஸ்ல இருக்கு போல” என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் கடலிலிருந்து ஒரு காற்று வந்தது பாருங்கள், ஜெர்மானியர் தொப்பி, ஜப்பானியர் தொப்பி, என் தொப்பி எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பி வெசூவியஸின் வாய்க்குள் போயின. மங்கி கேப் அசையவில்லை. அதற்குப் பிறகு இறங்கும்வரை அவர் என் மகளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

இறங்கும் பஸ்ஸில் முன் இருக்கை கிடைத்தது. ஓட்டுநர் தோர்ரே தெல் கிரேக்கோக்காரர். 72 மணி நேரம் என்று அறிவித்தால் உங்களுக்கு எந்த இடம் என்று மச்சான் மகள் மூலம் கேட்டார்.

“சிசிலி” என்றார் ஓட்டுநர், வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தபடி.

“அங்க எட்னா எரிமலை இருக்கே!”

ஓட்டுநர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து வானத்தை நோக்கி விரித்தார். கீழே பள்ளம். பஸ் முழுக்க அலறல். என் மனைவி ஜிப்பில் தொங்கிய கொம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, “மணி என்னங்க?” என்றாள்.

ஒன்றாக இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.