கடலில் பிறந்தும் நனையாதவள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரீஸில் துணியில்லாத பெண்ணைக் கௌரவமாகப் பார்க்க ஒரு வழி இருந்தது. குடும்பத்தோடு, பட்டப்பகலில், தொப்பி வைத்துக்கொண்டே போகலாம். அதற்கு சலோன் என்று பெயர். அரசாங்கத்தின் ஆசி பெற்ற ஓவியக் கண்காட்சி. ஒரே ஒரு நிபந்தனை: படத்தில் இருப்பவள் உள்ளூர்க்காரியாக இருக்கக் கூடாது. வீனஸ், வனதேவதை, துருக்கி அந்தப்புரத்து அடிமைப் பெண் என்று ஏதாவது ஓர் அடையாள அட்டை வேண்டும். அதைக் காட்டிவிட்டால் நடுவர்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஆகா, கலை!" என்பார்கள்.

1814-ல் நெப்போலியனின் தங்கை, நேப்பிள்ஸ் ராணி கரோலினுக்காக ஆங்க்ர் என்ற ஓவியர் அப்படி ஓர் அந்தப்புரப் பெண்ணை வரைந்தார். அந்தப்புரம் இருக்கட்டும், துருக்கிப் பக்கமே மனிதர் போனதில்லை. முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள். அந்த முதுகு மெகா சீரியல் மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. 1819 சலோனில் பார்த்த விமர்சகர்கள், முதுகெலும்பில் மூன்று கண்ணி கூடுதல் என்று எண்ணிச் சொன்னார்கள். மிகப் பின்னாளில் மருத்துவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு, மூன்று இல்லை, ஐந்து என்றார்கள். ஆங்க்ருக்கு வளைவு அழகாக வந்தால் போதும். எலும்பு வைத்தியர் பாடு.

1863 சலோனில் அலெக்சாந்தர் கபனேல் என்ற ஓவியர் 'வீனஸின் பிறப்பு' என்று ஒன்றை மாட்டினார். அலைமேல் இலவம்பஞ்சு மெத்தையில் கிடப்பதுபோல் கிடக்கிறாள் அம்மணி. மேலே குட்டித் தேவதைகள் பறக்கின்றன, சங்கு வேறு ஊதுகின்றன. எழுந்தபாடில்லை. ஆனால் நெற்றிமேல் போட்ட கைக்குக் கீழே கண் லேசாகத் திறந்திருக்கிறது; யார் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு நோட்டம். கடலில் பிறந்தவள் உடம்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஒரு முடியும் இல்லை. எல்லாம் தலைக்குக் குடிபோய்விட்டது. பாதாமை அரைத்துப் பிடித்த பதார்த்தம் என்கிற தினுசில் எழுத்தாளர் எமில் ஜோலா கிண்டலடித்தார். பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கோ நாக்கில் எச்சில் ஊறிவிட்டது, படத்தை வாங்கிக்கொண்டார். அதே வருஷம் கபனேலுக்குக் கலை அகாதெமி நாற்காலியும் கிடைத்தது.

அந்த அலை ஸ்டூடியோவில் ஏதோ ஒரு பலகை மேடையாகத்தான் இருந்திருக்கும். மணிக்கணக்கில் கையைத் தூக்கிக் கிடந்தவளுக்குத் தோள்பட்டை மரத்துப்போயிருக்கும். தோள்வலிக்குக் கபனேலிடம் வர்ணம் இல்லை.

அதே 1863-ல் மானே என்ற இன்னொரு ஓவியர் 'ஒலிம்பியா'வை வரைந்தார். 1865-ல்தான் சலோனுக்கு வந்தது. மாடல் விக்டோரீன் மெரான். கழுத்தில் கறுப்பு நாடா, காலில் செருப்பு, காலடியில் முதுகைத் தூக்கிய கறுப்புப் பூனை. அடையாள அட்டை மட்டும் இல்லை. தூங்குகிற பாசாங்கும் இல்லை, "என்ன வேணும்?" என்று நேருக்கு நேர் பார்க்கிறாள். வீனஸை வெறித்து வெறித்துப் பார்த்த ஊருக்கு அப்போதுதான் மானம் போனது. காவலுக்கு ஆள் போட்டும் கூட்டம் அடங்கவில்லை. கடைசியில் குடைக்கம்பு எட்டாத உயரத்தில், வாசல் நிலைக்கு மேலே கொண்டுபோய் மாட்டினார்கள்.

விக்டோரீன் பிறகு தானே தூரிகை பிடித்தார். 1876 சலோனுக்குத் தன் உருவத்தைத் தானே வரைந்து அனுப்ப, நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வருஷம் மானே அனுப்பிய இரண்டு படங்களும் திரும்பி வந்தன. ஒன்றில், தோட்டத்தில் ஒரு பெண் துணி துவைத்துப் பிழிந்துகொண்டிருக்கிறாள். முழு ஆடையோடுதான். கையில் மட்டும் ஈரம்.