விரத மீனுக்கு விருந்து

ஸ்காட்லாந்தின் டே நதியில் சால்மன் பிடிக்கக் கிளம்பும் புதியவர், முதலில் தானே கடைக்காரரிடம் சிக்குகிறார். கடலை விட்டு நதிக்குள் ஏறும் அட்லாண்டிக் சால்மன் இரை தேடுவதையே நிறுத்திவிடும். அந்த விரத மீனைச் சபலப்படுத்தத்தான் கடைச் சுவர் முழுக்க இறகும் ஜிகினாவும் கட்டிய தூண்டில் ஈக்கள்!

தடி 13 முதல் 15 அடி, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். நதி அகலம், அதனால் அது நியாயம்தான். பணம் கரைவது ரீலில். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காதருகே 'கிர்ர்ர்' என்று சுற்றிக் காட்டுவார். வாங்குபவர் அங்கேயே காலி. மீன் மாட்டாத நாளில் (அதாவது முக்கால்வாசி நாட்களில்) அதற்கு லைனைச் சுற்றி வைத்திருப்பதைத் தவிர வேலையில்லை. லைன் அப்படியில்லை: ஈக்குக் கனம் கிடையாது, அதைத் தூரம் கொண்டுபோவது லைனின் எடை. தடிக்கும் லைனுக்கும் குறித்த எடை எண் பொருந்தாவிட்டால் வீச்சு காலடியிலேயே விழும். அந்த லைனைத்தான் பில் போடும்போது, மிச்சக் காசில் வாங்குகிறார்கள்.

1922-ல் இதே நதியில் ஜார்ஜினா பாலன்டைன் 64 பவுண்டு சால்மனைத் தூண்டிலில் பிடித்தார். பிரிட்டனில் இன்றும் அதுதான் சாதனை. கார்பன் ஃபைபர் தடியெல்லாம் அப்போது ஏது?

ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஏப்ரல் 1-க்கு முன் பிடித்தால் திரும்ப நதியில் விட்டாக வேண்டும். அதற்கும் கடையில் சாமான் உண்டு: முடிச்சில்லாத வலை. செதில் உரியாதாம், விலைதான் கொஞ்சம் கூட.