நாய்க்கு வேலை இருக்கு, நிக்க விடத்தான் ஆளில்ல

தம்பி, நான் கூத்தைப்பார்க்காரன். மாட்டைப் பத்திக் கேட்டா ஒரு நாள் பூரா பேசுவேன். நாயைப் பத்தி என்கிட்ட யாரும் கேக்கறதில்ல. நீயும் கேக்கல. ஆனா கைலாசபுரத்து வேப்பமர நெழல்ல உக்காந்து உன்னையும் உன் ஹஸ்கியையும் தெனமும் பாக்குற பாவம் என் தலையில விழுந்திருக்கு. அதனால கேக்காமயே சொல்றேன். காசு வேணாம், வெத்தல இருந்தா குடு.

மொதல்ல உன் தைரியத்தப் பாராட்டணும். சைபீரியாவுல பனிவண்டி இழுக்கப் பொறந்த சாதியக் கொண்டாந்து, திருச்சி கத்திரி வெயில்ல, சாயங்காலம் நாலு மணிக்குத் தார் ரோட்டுல நடக்க வெக்கிற. நீ வேலை பாக்குற எடம் சாமானியமா? 1965-லேர்ந்து கொதிகலன் செஞ்சு ஊரு உலகத்துக்கெல்லாம் அனுப்புற எடம். எந்தக் குழாய் எத்தன டிகிரி தாங்கும், எங்க வெடிக்கும்னு கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடுறவன் நீ. அந்தக் கையெழுத்த நம்பி எவ்வளவு கரண்டு ஓடுது! ஆனா ரோட்டு மேல வெறுங்கால்ல போற நாயோட பாதம் என்ன தாங்கும்னு ஒரு சின்னக் கணக்கு உனக்கு வரமாட்டேங்குது. ஷூ போட்டவனுக்குத் தார் சுடாதுல்ல, அதான்.

புறங்கையத் தார்ல வெச்சு ஏழு வரைக்கும் எண்ணிப் பாரு. மூணுலயே கையை எடுத்துட்டியா? நாயைத் திருப்பிக்கிட்டு வீட்டுக்குப் போ. உனக்கு உடம்பு பூரா வேர்க்கும். நாய்க்கு வேர்வைன்னா பாதத்துல கொஞ்சம், அவ்வளவுதான். மிச்சச் சூட்ட நாக்கத் தொங்கப் போட்டு வாய் வழியாத்தான் எறக்கணும். அது மூச்சு வாங்குறதப் பாத்து, "சிரிக்கிறான் பாருங்க தாத்தா"ன்னு போட்டோ எடுத்தியே, அன்னிக்கு நான் சிரிக்கல. விடியக்காலம் அஞ்சரைக்கு எந்திரி. கஷ்டந்தான். சைபீரியா நாய வாங்கறப்ப கூடவே வந்த கஷ்டம் அது.

உன்னையாவது சொல்லலாம், நடக்குற. இன்னொருத்தரு ஸ்கூட்டர்ல உக்காந்துகிட்டு ஒரு கையில கயித்தப் பிடிச்சுக்கிட்டு போறாரு, பின்னாலேயே நாய் ஓடுது. வாக்கிங் போயிட்டு வந்தேன்னு ஆபீஸ்ல சொல்லிக்குவாரு. யாரு போனது?

அடுத்து, நீ இழுக்குற இழுப்பு. ஒரு மரத்தடியில அது மூக்க வெச்ச ஒடனே வெடுக்குன்னு இழுக்குற. கையில கட்டியிருக்கிற கடிகாரத்துல பத்தாயிரம் அடி முடியலியாம். நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லன்னு சொல்லி வெச்சுட்டுப் போயிட்டாங்க பெரியவங்க. எனக்கு அதுல சம்மதமில்ல. அந்த மரத்தடிதான் அதுக்கு வேலை. என் பேரன் ஒரத்தநாட்டுக் கால்நடைக் காலேஜ்ல படிக்கிறான், அவன் சொன்னான்: வாசனை பிடிக்கிற உயிரணு மனுசனுக்கு 50, 60 லட்சம்னா நாய்க்கு 20 கோடிக்கு மேலயாம். ராத்திரி எந்த நாய் வந்துச்சு, ஆணா பொண்ணா, பயந்துகிட்டுப் போச்சா, கீரிப்பிள்ளை எந்தப் பக்கம் போச்சு, எல்லாம் அதுல இருக்கு. இருபத்து மூணு மணி நேரம் குவாட்டர்ஸுக்குள்ள அடைஞ்சு கெடந்துட்டு வெளிய வர்ற சீவன் நாலு சேதி தெரிஞ்சுக்க விரும்புது. நீ மட்டும் போனுல ஊர்ச் சேதி பூரா பாத்துக்கிட்டே நடக்குற. ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் படிச்சாப் போதும்னா எப்படி? பாதி தூரம் போ, ரெண்டு மடங்கு நில்லு. உன் பத்தாயிரத்த அப்புறமாத் தனியா நடந்துக்க.

சிரிக்காத, நாயை வெளிய நடமாட விடணும்கிறது சட்டம். 1960-ல போட்ட மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல, 11-வது பிரிவுல எழுதியிருக்கு. எப்பவும் கட்டியோ அடைச்சோ வெச்சிருக்கிற நாயை நியாயமா நடமாட விடாம இருந்தா சொந்தக்காரன் பேர்ல குத்தம். மொதத் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய்க்குக் கொறையாம, அம்பது ரூபாய்க்கு மேல போகாம. அம்பது ரூபாய்க்கு இன்னிக்கு ரெண்டு டீயும் ரெண்டு வடையும் வந்தாப் பெரிசு. நாய்க்கு அரசாங்கம் வெச்ச மரியாதை அம்புட்டுத்தான். மிச்சத்த நீதான் வெக்கணும்.

கயித்த அவுத்து விடாத. "எங்க பையன் யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டான்"னு சொல்லுவ. செய்யாதுன்னு உனக்குத் தெரியும், எதிர்ல வர்ற அம்மாவுக்குத் தெரியுமா? இந்த டவுன்ஷிப்ல மயில் வேற. 1963-லேர்ந்து தேசியப் பறவை, 1972-ம் வருசத்து வனவிலங்குச் சட்டத்துல மொத அட்டவணையில இருக்கு. உன் பையன் போயி ஒரு மயில் குஞ்சக் கவ்வினான்னு வெச்சுக்க, ஜெயிலுக்குப் போகப்போறது அவனில்ல.

நாய்ப்பீ அள்ளுறது விசயமா ஒண்ணு. பை கொண்டு வர்றீங்க, குனிஞ்சு அள்ளுறீங்க, நாலு பேரு பாக்குற வரைக்கும் கையில வெச்சிருக்கீங்க. ஆளில்லாத எடத்துல அந்தப் பைய முடிச்சுப் போட்டு வேலியில மாட்டிட்டுப் போறீங்க. மண்ணுல கெடந்தாலாவது என்னிக்காவது மக்கும். இப்ப நெகிழியில கட்டிப் பத்திரமா வெச்சிருக்கோம், வருங்காலச் சந்ததிக்கு. மண்ணுல விட்டாலும் தப்பு, கொக்கிப்புழு அந்தப் பீயிலேர்ந்துதான் மண்ணுக்கு வரும். வெறுங்கால்ல வெளையாடுற புள்ளைக்குத் தோல் வழியா ஏறும். அதனால குப்பைத்தொட்டி வரைக்கும் நடந்துடு. அந்த அடியும் உன் கடிகாரத்துல ஏறும்.

ஆனா போன வாரம் நீ கேட்டியே ஒரு கேள்வி, "தாத்தா, பக்கத்துல காட்டுப்பாதை எங்க இருக்கு, இவனக் கூட்டிட்டுப் போகலாம்"னு. அதுக்கு அன்னிக்கே பதில் சொல்லாம காது கேக்காத மாதிரி இருந்துட்டேன். இப்ப கேக்குது.

பச்சமலை இருக்கு, புளியஞ்சோலை இருக்கு. ஸ்ரீரங்கம் மேலூர்ல மேலணைக் காப்புக்காட்டுல 2015-ல தொறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கு, 25 ஏக்கர். எம்.ஆர். பாளையம் காப்புக்காட்டுல 2019-லேர்ந்து யானைங்க மறுவாழ்வு மையம் இருக்கு. தனியார் கையிலேர்ந்து மீட்டுக் கொண்டாந்த யானைங்க அங்க இப்பத்தான் கொஞ்சம் நிம்மதியா நிக்குதுங்க. இதுல எந்த எடத்துக்கு உன் நாய் அவசியமாத் தேவைப்படுதுன்னு நீயே சொல்லு. வண்ணத்துப்பூச்சியப் பாத்து அது என்ன குறிப்பெடுக்கப் போகுதா?

காட்டுல நாய் கடிச்சாத்தான் கெடுதல்னு நெனைக்காத. சும்மா நடந்துட்டுப் போனாலே போதும். டிஸ்டெம்பர்னு ஒரு நோய், நாய்கிட்டேயிருந்து காட்டுப் பிராணிக்குத் தாவும். 2018-ல குஜராத்துல கிர் காட்டுல சில வாரத்துல 20-க்கு மேல சிங்கம் செத்துச்சு, அதுல பலதுக்கு அந்தக் கிருமி இருந்துச்சு. அதுக்கு முன்னால 1994-ல ஆப்பிரிக்காவுல செரங்கெட்டியில ஏறக்கொறைய ஆயிரம் சிங்கம் போச்சு, காட்டச் சுத்தியிருந்த ஊரு நாய்ங்ககிட்டேயிருந்து வந்த நோய். நாய் ஒண்ணும் பல்லக் காட்டல. மூச்சு விட்டுச்சு, அவ்வளவுதான். இன்னொண்ணும் இருக்கு. காட்டுல நாய் வீரமாக் கொலச்சுக்கிட்டு எதையாவது வெரட்டும், அது திரும்பி வெரட்டினா நேரா உன்கிட்டதான் ஓடி வரும், வெரட்டுனதையும் கூட்டிக்கிட்டு. வால்பாறை, குன்னூர்ப் பக்கம் கேட்டுப் பாரு, சிறுத்தை வாசல் வரைக்கும் வந்து நாயத் தூக்கிட்டுப் போற கதை ஊருக்கு நாலு இருக்கும்.

கொள்ளிடத்து மணல்ல ஓட விடலாமேன்னு கேப்ப. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்துல முதலை இருக்கு. அது இந்தப் பக்கம் வர பஸ் டிக்கெட்டா எடுக்கணும்? மேட்டூர்ல தெறந்தாலும் மூணு நாள்ல தண்ணி முக்கொம்பு வந்துரும். கரை மேல கயித்தோட நட, நாணல் பக்கம் மூக்க விடாத. இருட்டுற நேரத்துல சருகுக்குள்ள கண்ணாடி விரியன் கெடக்கும், நாய்க்குக் கடி படுறது பெரும்பாலும் மூஞ்சியிலதான். ஐப்பசி மழைக்கப்புறம் புல்லுல போயிட்டு வந்தா காது மடலையும் வெரலிடுக்கையும் தடவிப் பாரு. உண்ணி இருக்கும். உண்ணிக் காய்ச்சல்ல நாய் சோறு திங்காது, ஈறு வெளுத்துடும். "ரெண்டு நாளா மூட் சரியில்ல"ன்னு நீ ஸ்டேட்டஸ் போடுறதுக்குள்ள ரத்தம் வத்திடும்.

தெருநாய்ங்கள வெரட்டணும்னு ஒரு கம்பு வெச்சிருக்க. அதுங்க உன்னைப் பாத்துக் குலைக்கல, உன் நாயப் பாத்துக் குலைக்குதுங்க. அது அவங்க எல்லை. நாயத் தூக்கிக் கைல வெச்சுக்காத, ஓடாத, சுத்திக்கிட்டுப் போயிடு. அதுங்கள என்ன செய்யறதுன்னு சுப்ரீம் கோர்ட்டே 2025 ஆகஸ்ட்ல தவிச்சுப் போச்சு. 11-ம் தேதி, டெல்லியில இருக்கிற எல்லாத்தையும் பிடிச்சு அடைன்னு உத்தரவு. 22-ம் தேதி, கு.க. பண்ணி ஊசி போட்டு எடுத்த எடத்துலயே விடு, வெறி பிடிச்சதையும் மூர்க்கமானதையும் மட்டும் அடைன்னு மறு உத்தரவு. நீ கம்ப வெச்சுக்கிட்டு தீத்துடுவியாக்கும்!

கடி பட்டா மட்டும் என் வயசு ஆளுங்க பேச்சக் கேக்காத. நாங்க மொளகாப்பொடி வெச்ச கூட்டம். எங்க காலத்துல தொப்புளச் சுத்தி 14 ஊசி, ஆட்டு மூளையிலேர்ந்து எடுத்த மருந்து. 1907-ல தொடங்குன குன்னூர் பாஸ்டர் நிலையத்துலதான் அதத் தயாரிச்சாங்க. அந்த ஊசிக்குப் பயந்தே கடிய மறைச்சவன் உண்டு, செத்தவனும் உண்டு. இப்ப அந்தத் தொல்லையே இல்ல. கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவு, அரசாஸ்பத்திரிக்குப் போ, கையிலதான் ஊசி, பைசா கெடையாது. சொன்ன தேதியில எல்லாத்தையும் போட்டு முடி.

கடைசியா ஒண்ணு. இதுல கிண்டல் கொஞ்சம் கொறைவா இருக்கும், பொறுத்துக்க. குவாட்டர்ஸ் ஊர் எல்லாத்துலயும் நான் பாத்திருக்கேன். ரிட்டயர்டு ஆவாங்க, இல்ல மாத்தலாகும். லாரியில பீரோ ஏறும், கட்டில் ஏறும், தொட்டிச்செடி கூட ஏறும். நாய் ஏறாது. "இங்கயே பழகிடுச்சு, பாத்துப்பாங்க"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. யாரு பாத்துப்பாங்கன்னு ஒருத்தரும் பேர் சொல்ல மாட்டாங்க. அதுவும் அதே 11-வது பிரிவுலதான் குத்தம், அதே அம்பது ரூபாதான். மத்த நாய்க்காவது தெருவுல பொழைக்கத் தெரியும். உன் சைபீரியாக்காரன் ஏசியில படுத்தவன்.

உனக்கு மாத்தல் வந்தா ரயில்ல கூட்டிட்டுப் போகலாம், தெரியுமில்ல? மொத வகுப்புல கூப்பே முழுசா எடுத்தா உன் கூடவே வரும், இல்லேன்னா கார்டு வண்டியில நாய்ப்பெட்டி இருக்கு, பார்சல் ஆபீஸ்ல முன்னாடியே போய்ச் சொல்லி வெக்கணும், தடுப்பூசிச் சீட்டக் கையில வெச்சுக்கணும். கூட்டிட்டுப் போகற எண்ணம் இல்லேன்னா இப்பவே சொல்லிடு. அந்த அம்பது ரூபாய அபராதமா எங்கிட்டயே கட்டிடு, ரசீது எல்லாம் கெடையாது.